மல்லாவிக் கடைக் கணினி: சூட்டை அளந்து விசிறியை வழிக்குக் கொண்டுவந்தது

கணினி சூடாகி நின்றுபோகிறது என்றதும் பலர் முதலில் தேர்மல் பேஸ்ற், அதாவது புரொசெசருக்கும் அதன் மேல் இருக்கும் உலோகத்துக்கும் இடையில் பூசும் பசை, வாங்கப் போவார்கள். அதுவும் சரிவராவிட்டால் பெரிய விசிறி தேடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, சூடு எப்படி ஏறுகிறது என்பது. எவ்வளவு என்பது பிறகு. அதைப் பார்க்கக் காசு தேவையில்லை. இலவச மென்பொருளும் கொஞ்சம் பொறுமையும் போதும். வன்னியில் உள்ள மல்லாவியில் அத்தானின் கடைக் கணினியில் நான் செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடை என்றால் போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம், படம் அடிப்பது எல்லாம் ஒரே அறைக்குள். மேலே தகரம். கணினி கோர் ஐ5-3470, எச்61 மதர்போட், 8 ஜிபி ராம், இன்டெல் புரொசெசரோடு வரும் அதே வட்டமான ஹீற்சிங்க், அதாவது சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு. 2012-இல் வந்த புரொசெசர். செகண்ட்ஹாண்ட் பெட்டிகளில் இந்தப் பக்கம் இந்தத் தலைமுறையை இப்போதும் அடிக்கடி காணலாம். கடை வேலைக்கு அது தாராளமாகப் போதும்.

அத்தான் சொன்ன குறை இதுதான்: "காலமை ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி. மத்தியானம் எண்டால் டக்கெண்டு நிண்டுடும். கொஞ்சம் ஆறவிட்டால் திரும்ப வேலை செய்யும்." கரண்ட் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று அவர் முடிவே கட்டியிருந்தார்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தால், நின்ற ஒவ்வொரு முறைக்கும் கேர்னல்-பவர் 41 என்ற பதிவு இருந்தது. பயமுறுத்தும் சிவப்புக் குறியோடு வரும், ஆனால் அதில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. "ஒழுங்காக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது" என்பதுதான் அதன் பொருள். கரண்ட் போனாலும் அதே 41, பவர் சப்ளை பழுதானாலும் அதே 41, சூட்டில் நின்றாலும் அதே 41. ஆகவே நிற்பதற்கு முந்திய நொடி வரைக்கும் எழுதிக்கொண்டே இருக்கும் ஏதாவது வேண்டும்.

அதற்கு நான் வைத்திருப்பது எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள். திறக்கும்போது சென்சர் மட்டும் என்ற பெட்டியில் சரி போட்டால் மற்ற விபரங்களைத் தவிர்த்து நேரே அளவீடுகளுக்குப் போகும். இப்போதைய அளவு, மிகக் குறைந்தது, மிகக் கூடியது, சராசரி என்று நான்கு நிரல்கள். கீழே பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினால் இரண்டு நொடிக்கு ஒரு வரியாக சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் எழுதிக்கொண்டு போகும். கணினி திடீரென்று நின்றாலும் கடைசி வரிகள் பெரும்பாலும் தப்பியிருக்கும். அதை விட்டுவிட்டு, அத்தானை வழக்கம்போல் வேலை செய்யச் சொன்னேன்.

இதற்குள் சென்சர் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துபோகும் இடம் இது. பட்டியலில் ஒரு வரி 127 பாகை என்று காட்டிக்கொண்டிருந்தது. 127 பாகையில் ஒரு பொருள் உள்ளே இருந்தால் வாசனையே வந்திருக்கும். மதர்போட்டில் சூப்பர் ஐஓ என்றொரு சிறு சிப் இருக்கிறது. விசிறியின் சுற்றையும் சில வெப்பநிலைகளையும் மின்னழுத்தங்களையும் அளப்பது அதுதான். அந்த சிப்பில் சென்சருக்கான கால்கள் இருக்கும், போட் செய்தவர் எல்லாவற்றிலும் சென்சர் பொருத்தியிருக்க மாட்டார். ஒன்றும் பொருத்தாத கால் 127 என்றோ -128 என்றோ காட்டும். அதைக் கவனிக்கத் தேவையில்லை. வலது சொடுக்கில் மறைத்துவிடலாம்.

எந்த வரி எதற்கு உரியது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில், புரொசெசருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ் பொத்தானை அழுத்துங்கள். உடனே துள்ளுவது புரொசெசருக்குள் இருக்கும் சென்சர். கால் மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறுவது மதர்போட் சென்சர், அதாவது கிட்டத்தட்டப் பெட்டிக்குள் இருக்கும் காற்று. அசையாமல் நிற்பது பேய், அதாவது ஒன்றும் பொருத்தாத கால். விசிறிக்கும் அப்படித்தான்: ஓடும் விசிறியின் நடுக் குமிழில் விரலை மெல்ல வைத்து வேகத்தைக் குறைத்தால் எந்த எண் இறங்குகிறதோ அது அந்த விசிறி. இறக்கைக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோக வேண்டாம்.

புரொசெசரின் உள் சென்சருக்கு இன்னொரு குணம் உண்டு. அது "நான் இத்தனை பாகை" என்று சொல்வதில்லை; "எல்லைக்கு இன்னும் இத்தனை பாகை இருக்கிறது" என்றுதான் சொல்லும். இந்தப் புரொசெசருக்கு எல்லை 105. மென்பொருள் 105-இலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. இதனால் எல்லைக்குக் கிட்டப் போகப் போக எண் நம்பகமானது, சும்மா இருக்கும்போது நாலைந்து பாகை இப்படி அப்படி இருக்கலாம். ஒரு கோர் (புரொசெசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) 44, பக்கத்துக் கோர் 49 என்று சும்மா இருக்கும்போது காட்டினால் மண்டையை உடைக்க வேண்டாம்.

இன்னொரு கருவி: மேசையில் ஒரு சின்ன வெப்பமானி. இதை யாரும் செய்வதில்லை. ஆனால் வன்னியில் இது இல்லாமல் மற்ற எண்கள் எதற்கும் பொருளில்லை. சித்திரையில் சூரியன் நேரே தலைக்கு மேலே வரும் காலம், அந்த வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழ் கடைக்குள் 36 பாகை. காலையில் கடை திறக்கும்போது 29. யாரோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து "லோடில் (முழு வேலையில்) 65 தாண்டக் கூடாது" என்று எழுதியதை வைத்துக்கொண்டு இங்கே ஒருவர் தன் பெட்டி பழுது என்று முடிவு கட்டுவார். விசிறியால் அறைக் காற்றை விடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. ஆகவே நான் எழுதி வைப்பது வெப்பநிலையை அல்ல, அறைக்கும் புரொசெசருக்கும் உள்ள வித்தியாசத்தை. அறை 29, லோடில் புரொசெசர் 69 என்றால் வித்தியாசம் 40. அறை 36 ஆனால் அதே பெட்டி 76-க்குக் கிட்ட நிற்க வேண்டும். அதைவிட மேலே போனால்தான் ஏதோ பிழை.

பதிவைத் திறந்து பார்த்தபோது கடைசி வரியில் புரொசெசர் 100. அத்தானின் கரண்ட் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் எனக்கு இன்னொன்று உறுத்தியது. 105-ஐத் தொட்டால் இந்தப் புரொசெசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் கைமீறிப் போனால்தான் முழுதாக அணையும். 100-இல் ஏன் அணைகிறது? பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போட்டின் சொந்த அமைப்புப் பக்கத்துக்குள், போய்ப் பார்த்தால் "இத்தனை பாகையில் நிறுத்து" என்ற அமைப்பு 100-க்குப் போடப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் கணினி நிற்காது, ஆமையாகும். நான் எடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அந்தக் கோட்டின் வடிவம். சிஎஸ்வியை லிப்ரே ஒபிஸில் திறந்து வரைபடம் போட்டேன். ஸ்ட்ரெஸ் தொடங்கியதும் நாலு நொடிக்குள் 47-இலிருந்து 88. நிறுத்தியதும் அதே வேகத்தில் கீழே. செங்குத்துச் சுவர் மாதிரி. எந்தப் புரொசெசரும் வேலை கொடுத்ததும் ஒரு துள்ளுத் துள்ளத்தான் செய்யும், ஆனால் அது பத்துப் பதினைந்து பாகைத் துள்ளாக இருக்க வேண்டும். நாற்பது துள்ளினால் சூடு புரொசெசரை விட்டு ஹீற்சிங்குக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். அதாவது இரண்டும் சரியாக ஒட்டவில்லை. தூசு அடைத்திருந்தால் கோடு இப்படி இருக்காது: ஹீற்சிங்க் முதலில் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிறகு அது சூடாகச் சூடாகக் கோடு ஆறுதலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஏறும். செங்குத்து என்றால் ஒட்டுதல், சாய்வு என்றால் காற்று. நான் இத்தனை பெட்டி திறந்ததில் இந்த ஒரு விதிதான் அநேகமாகப் பிழைக்காமல் வந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். ஹீற்சிங்கின் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகள். கையால் தொட்டதும் ஒன்று ஆடியது. போட்டின் பின்பக்கம் பார்த்தால் மூன்று ஊசிகளின் நுனி விரிந்து பிடித்திருந்தது, நாலாவது விரியாமல் துளைக்குள் சும்மா நின்றது. மேசைக்குக் கீழே இருந்து யாரோ பெட்டியைத் தூக்கி வைத்தபோது கழன்றிருக்கலாம். இந்த ஊசிகள் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல.

கழற்றும்போது கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இளஞ்சூடாக்கி, அணைத்து வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்வது நல்லது. பேஸ்ற் இளகியிருக்கும், ஹீற்சிங்கை இடம் வலமாகத் திருகினால் விட்டுவரும். பழைய பேஸ்ற் ஒரு பக்கம் காய்ந்து பொருக்காகவும் மறுபக்கம் தடிப்பாகவும் இருந்தது, அது சரிந்து நின்றதற்கு அதுவே சாட்சி. பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டும் பழைய பருத்திச் சீலைத் துண்டும் கொண்டு இரண்டு பக்கமும் துடைத்து, நடுவில் ஒரு பயறளவு புதுப் பேஸ்ற். ஊசிகளை மூலைக்கு மூலை, எதிரெதிராக, "டிக்" என்று கேட்கும் வரை அழுத்தினேன். போட் வளைந்து பயமுறுத்தும். பின்பக்கம் கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள். நாலு நுனியும் விரிந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடினேன்.

காலையில் சோதித்தபோது துள்ளல் 62-இல் நின்றது, பிறகு 70 வரை போனது. நல்லது. மத்தியானம் மறுபடி சோதித்தால் துள்ளல் அளவாகத்தான் இருந்தது, ஆனால் கோடு நிற்காமல் சாய்வாக ஏறிக்கொண்டே போய் 88. கூடவே மதர்போட் சென்சர் 40-இலிருந்து 53. ஒட்டுதல் சரி, இப்போது காற்றுப் பிரச்சினை. இரண்டு பழுதுகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தன.

முன்பக்கப் பிளாஸ்டிக் முகத்தைக் கழற்றினேன். செம்மண் புழுதியும் போட்டோக்கொப்பி கடதாசியின் நாரும் சேர்ந்து துளைகளின் மேல் ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. உரித்தால் முழுதாக வந்தது, ஓரத்தில் கறுப்பாக டோனர் தூளும். பின்பக்க ஸ்க்ரூத் துளை ஒன்றில் குளவி மண் கூடு கட்டியிருந்தது, அது காலி. இதைவிடப் பெரிய விஷயம், பெட்டியின் முன்முகம் போட்டோக்கொப்பி மெஷினின் சூட்டுக் காற்று வெளியே வரும் பக்கத்தைப் பார்த்து இருந்தது. மெஷின் ஓட ஓட அந்தச் சூட்டைப் பெட்டி அப்படியே உறிஞ்சியிருக்கிறது. பெட்டியைத் தூக்கி மேசையின் மறுபக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

தூசு ஊதுவதற்கு ரயர் கடைக் கொம்பிரசர் தாராளம், ஆனால் முதலில் அதன் தாங்கியில் தேங்கியிருக்கும் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லுங்கள். விசிறியின் இறக்கையை ஒரு பென்சிலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்றின் வேகத்தில் விசிறி தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் கெடும், விசிறியே மின்சாரம் பிறப்பித்துப் போட்டுக்குள் தள்ளவும் கூடும்.

அறை 36 இருக்கும்போது மறுபடி சோதனை: புரொசெசர் 74, மதர்போட் 43. வித்தியாசம் 38.

சரி, விசிறி வேகம். இத்தனைக்குப் பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி. விசிறிக் கட்டுப்பாட்டால் பழுதை மூடி மறைக்கத்தான் முடியும்.

பழைய ஆட்களுக்கு இந்த வேலை என்றால் ஸ்பீட்ஃபேன் ஞாபகம் வரும். அல்ஃப்ரெடோ மிலானி கொம்பரெட்டி எழுதியது, ஒரு காலத்தில் வேறெதையும் தேட வேண்டியதில்லை. 4.52-உடன் அது நின்றுவிட்டது, புதிய சிப்களை அதற்குத் தெரியாது. நான் இப்போது போடுவது ஃபேன்கண்ட்ரோல். இதுவும் இலவசம், சென்சர்களைப் படிக்க லிப்ரே ஹார்ட்வெயார் மொனிட்டர் என்ற இன்னொரு மென்பொருளின் நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

இந்தக் கணினியில் இரண்டு விசிறிகள். புரொசெசர் விசிறிக்கு நாலு கம்பி: தரை, 12 வோல்ட், சுற்றைச் சொல்லும் கம்பி, கட்டளைக் கம்பி. சுற்றைச் சொல்லும் கம்பி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும், போட் அதை எண்ணி வேகத்தைக் கணக்கிடும். கட்டளைக் கம்பியில் 25 கிலோஹேர்ட்ஸ் அளவில் துடிப்பு போகும். அந்தத் துடிப்பில் எத்தனை வீதம் "ஓன்" என்பதுதான் வேகம். முன் விசிறிக்கு மூன்று கம்பிதான். அதை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் மெதுவாக்க முடியும், எல்லாப் போட்டும் அதைச் செய்யாது. இந்தப் போட் செய்தது, அதிர்ஷ்டம்.

ஃபேன்கண்ட்ரோலில் முதலில் அளவுதிருத்தம் ஓடவிட வேண்டும். விசிறியை 100 வீதத்திலிருந்து கீழே இறக்கி, எந்த வீதத்தில் எத்தனை சுற்று, எங்கே நின்றுபோகிறது, எங்கே மறுபடி தொடங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளும். புரொசெசர் விசிறி எவ்வளவு குறைத்தாலும் நிற்கவில்லை, ஆயிரத்துச் சொச்சம் சுற்றில் ஓடிக்கொண்டேயிருந்தது. முன் விசிறி 40 வீதத்துக்குக் கீழே நின்றது, மறுபடி தொடங்க 55 கேட்டது. இந்த இடைவெளி முக்கியம். பழைய விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது குறைந்த அழுத்தத்தில் ஓடும், நின்ற இடத்திலிருந்து புறப்பட அதைவிடக் கூட வேண்டும். ஆகவே முன் விசிறியின் ஆகக் குறைந்த வேகத்தை 60-இல் கட்டிவிட்டேன்.

புரொசெசர் விசிறிக்கு வளைகோடு, அதாவது எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்ற கணக்கு, இப்படி: 55 பாகை வரை 35 வீதம், 65-இல் 50, 75-இல் 75, 85-இல் 100. ஊர் உலகத்தில் கிடைக்கும் மாதிரி வளைகோடுகள் 40 பாகையிலேயே ஏறத் தொடங்கும். இங்கே மத்தியானம் சும்மா இருக்கும் புரொசெசரே 48 காட்டும். அந்த வளைகோட்டைப் போட்டால் விசிறி நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் படியை உங்கள் அறையின் மத்தியான ஓய்வுநிலைக்கு மேலே வையுங்கள். இறங்கும்போது 4 பாகை பின்னடைவும் கொடுத்தேன், அதாவது சூடு 4 பாகை குறைந்த பிறகுதான் வேகம் குறையும், சில நொடி தாமதமும் வைத்தேன். ஒரு பிடிஎஃப் திறந்தவுடன் விசிறி "ஊய்" என்று கத்துவது அத்தோடு நின்றது.

முன் விசிறிக்குப் புரொசெசர் சூட்டைக் கொடுக்கவில்லை. மதர்போட் சென்சரையும் ஹார்ட்டிஸ்க்கையும் எடுத்து, இரண்டில் எது கூடக் கேட்கிறதோ அதற்கு ஓடு என்று கலவை வளைகோடு போட்டேன். ஹார்ட்டிஸ்க் முன் விசிறிக்கு நேரே பின்னால். முன்பு 52 காட்டியது இப்போது 43.

எல்லா விசிறியையும் 100-இல் விட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. சத்தம் ஒரு பக்கம். இங்கே அதைவிடப் பெரிய காரணம், கூடக் காற்று இழுத்தால் கூடப் புழுதியும் உள்ளே வரும். சோளகக் காற்று தொடங்கினால் றோட்டுப் புழுதி கடைக்குள் எப்படி வரும் என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. மென்பொருளை ஒழுங்காக மூடினால் கட்டுப்பாட்டைப் போட்டிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அது இடையில் செயலிழந்தால் விசிறி கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே நின்றுவிடலாம். எனவே ஆகக் குறைந்த வேகத்தை ஆசைப்பட்டுக் கீழே இறக்க வேண்டாம். பயோஸில் தானியங்கி முறை இருந்தால் சில போட்களில் அதுவும் மென்பொருளும் இழுபறிப்பட்டு வேகம் தத்தளிக்கும். அப்போது பயோஸில் கைமுறைக்கு மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பற்றி. சென்சர்களை நேரே படிக்க இந்த மென்பொருள்களுக்கு விண்டோஸின் அடிமட்டம் வரை போகும் ஒரு டிரைவர் வேண்டும். நீண்ட காலமாகப் பலரும் பயன்படுத்தியது வின்ரிங்0. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2020-இலேயே பதிவானது, 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடிக்கத் தொடங்கியது. பலருடைய விசிறிக் கட்டுப்பாடு ஒரே இரவில் வேலை செய்யாமல் போனது அதனால்தான். ஃபேன்கண்ட்ரோலின் புதிய பதிப்புகள் பான்ஐஓ என்ற வேறு டிரைவருக்கு மாறிவிட்டன. பென்டிரைவில் வைத்திருக்கும் பழைய பதிப்பைப் போட்டுவிட்டு டிஃபெண்டரை அணைக்காதீர்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாம் ஏறும் கடைக் கணினியில் அது வினையை விலைக்கு வாங்குவது. புதியதை இறக்குங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்தது, இந்தப் புரொசெசர் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. லினக்ஸுக்குப் போனால் எல்எம்-சென்சர்ஸ் என்ற பொதி இருக்கிறது. அதன் பிடபிள்யூஎம்கொன்ஃபிக் ஒவ்வொரு விசிறியாக நிறுத்திப் பார்த்து எந்தக் கட்டளை எந்த விசிறிக்கு என்று தானே கண்டுபிடிக்கும். மடிக்கணினிகளில் இந்த வேலைக்கு இறங்காதீர்கள். அங்கே விசிறி தனிச் சிப்பின் கையில், பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது.

கடையில் இப்போது மானிட்டரின் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது: அறை, புரொசெசர், வித்தியாசம். வித்தியாசம் 45-ஐத் தாண்டினால் முன்முகத்தைக் கழற்றித் தூசு தட்டச் சொல்லியிருக்கிறேன். அதைத் தட்டியும் இறங்காவிட்டால் கூப்பிடச் சொன்னேன். மிச்சம் இருப்பது பவர் சப்ளை. அதன் விசிறியை எந்த மென்பொருளும் காட்டாது, போட்டில் அதற்கு வயரே இல்லை. பின்னால் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. இதில் காற்று மெல்லியதாக வருகிறது, பேரிங்கும் கரகரக்கிறது. மென்பொருள் 12 வோல்ட் வரியில் 9.8 என்று காட்டியது, மீட்டர் வைத்தால் 11.9, ஆகவே அந்த வரியையும் மறைத்துவிட்டேன். உள்ளே மின்தேக்கிகள் அணைத்த பிறகும் மின்னைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் பவர் சப்ளையைத் திறந்து எண்ணெய் விடும் வேலைக்கு நான் போவதில்லை. வவுனியா போகும்போது வேறொன்று வாங்கிவர வேண்டும்.